வெங்காய வயலிலிருந்து பார்த்தால் எந்த வங்கி திறமையானது?

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம் பக்கத்தில் சின்ன வெங்காயம் நடுகிறவருக்கு விதை வெங்காயம் வாங்கும் வாரத்தில் பணம் கைக்கு வர வேண்டும். அறுவடை முடிந்து, விலை ஏறட்டும் என்று பட்டறை போட்டுக் காத்திருக்கும்போது இன்னொரு முறை வேண்டும். நாற்பதாயிரம் ரூபாய் விவசாய நகைக்கடன்தான் என்றாலும் நகையை உரசி எடைபோட வேண்டும்; சிட்டா, அடங்கல் பார்க்க வேண்டும். அரியலூரின் சிமென்ட் ஆலை ஒன்றுக்குக் கோடிக்கணக்கில் தரும் ஒரே கடனுக்கு இப்படிப் பலர் கவுன்ட்டரில் நிற்பதில்லை. ஊழியர் ஒருவருக்கு எவ்வளவு வணிகம் என்று கணக்கிட்டால், வெங்காய விவசாயியைக் கவனிக்கும் கிளை தோற்றுத்தான் போகும்.

இந்தியாவில் இயங்கும் வங்கிகளின் திறனை ஒப்பிடும் ஆய்வுகளில் முக்கியமான ஒன்று, பட்டாச்சார்யா, லவல், சஹாய் ஆகியோர் 1997-இல் வெளியிட்டது. 1986 முதல் 1991 வரை 70 வங்கிகளை எடைபோட்ட அவர்கள் முதலிடத்தைப் பொதுத்துறைக்கும், அடுத்த இடத்தை வெளிநாட்டு வங்கிகளுக்கும், கடைசி இடத்தைத் தனியாருக்கும் தந்தார்கள். பின்னர் கணினியோடு பிறந்த புதிய தனியார் வங்கிகள் வந்தன, காட்சி மாறியது. 2018 மார்ச்சில் பொதுத்துறை வங்கிகளின் மொத்த வாராக்கடன் 14.6 சதவீதத்தைத் தொட்டது. அதில் பெரும்பகுதி பெருநிறுவனங்கள் கட்டாமல் விட்டது என்பதை நாம் மறக்கக் கூடாது. நகையை மீட்க ஓடிவரும் விவசாயி அந்த வங்கிகளைக் கவிழ்க்கவில்லை.

வெளிநாட்டு வங்கிகளின் கணக்கு வேறு. இருபதுக்கும் குறைவான கிளைகள் வைத்திருந்தால், விவசாயம் போன்ற முன்னுரிமைத் துறைகளுக்கு நிகரக் கடனில் ஒதுக்க வேண்டிய 40 சதவீதத்தில் 32 வரை ஏற்றுமதிக் கடனாகவே காட்டலாம். விவசாயத்துக்கெனத் தனி இலக்கு இல்லை. பெருநகரத்தை விட்டு நகராத வங்கியின் செலவு குறைவாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் சிற்றூருக்கு வந்த வெளிநாட்டு வங்கியும் உண்டு: கரூரில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைக்கப்பட்டது. ஐந்நூறுக்கு மேற்பட்ட கிளைகள் அப்படிக் கைமாறின. வெளிநாட்டு நிர்வாகத்தின் திறமைக்கு உண்மையான தேர்வு அந்தச் சிற்றூர்க் கிளைகளில்தான் நடக்கிறது.

இதனால் பொதுத்துறை வங்கியின் மெத்தனத்தை மன்னித்துவிட முடியாது. ‘சர்வர் டவுன், நாளைக்கு வாங்க’ என்று திருப்பி அனுப்பப்படும் பெண்ணுக்கு ஒருநாள் கூலியும் பஸ் கட்டணமும் போகின்றன. அந்த இழப்பு எந்த வங்கியின் செலவுக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஏறினால், திறன் பட்டியலே வேறு மாதிரி இருக்கும்.

பெரம்பலூரில் மாவட்ட வங்கிகளின் கடன் பணியை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. ஆட்சியர் தலைமையில் கூடும் வங்கியாளர் கூட்டத்தில் ஒவ்வொரு வங்கியும் எத்தனை கோடி கடன் கொடுத்தது என்று பார்க்கிறார்கள். விண்ணப்பம் கொடுத்த நாளுக்கும் பணம் கைக்கு வந்த நாளுக்கும் இடையில் எத்தனை நாள், விவசாயி எத்தனை தடவை அலைந்தார் என்ற இரண்டு கேள்விகளையும் அங்கே எல்லா வங்கிகளிடமும் கேட்க வேண்டும். விடைகளைக் கிளை வாரியாக வெளியிடவும் வேண்டும்.