தலைவலிகூட இல்லை, ரத்த அழுத்தமோ 190

வேலைக்கான மருத்துவப் பரிசோதனை, ரத்த தானம், பல் பிடுங்கப் போன இடம். கடுமையான உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் இப்படி வேறு எதற்கோ போகும்போதுதான் தெரியவருகிறது. கருவி 190/115 என்று காட்டும். “எனக்குத் தலைவலிகூட இல்லையே” என்பார் நோயாளி.

2021-2022 தேசிய மக்கள்தொகைச் சுகாதார ஆய்வின்படி, சிங்கப்பூரில் 18 முதல் 74 வயது வரையிலான குடியிருப்பாளர்களில் 37 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது.

அழுத்தம் ஒரே நாளில் இந்த அளவுக்கு ஏறுவதில்லை. பல ஆண்டுகளாக மெல்ல உயரும்போது ரத்தக் குழாய்கள் தடித்து, அதற்குப் பழகிக்கொள்கின்றன. அதனால்தான் வலி தெரிவதில்லை. சிகிச்சையிலும் அவசரம் கூடாது. உயர் அழுத்தத்துக்குப் பழகிய மூளைக்கு, திடீரென்று அதைக் குறைத்தால் போதிய ரத்தம் செல்லாமல் போகலாம். எனவே, வேறு அறிகுறி இல்லாதவருக்கு மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். “இவ்வளவு இருந்தும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களே” என்று குடும்பத்தார் பதறுவதுண்டு. அது அலட்சியம் அன்று.

ஆனால் அழுத்தம் 180/120ஐத் தாண்டி நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குளறல், கை கால் வலுவிழப்பு, பார்வை மங்கல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 995ஐ அழைக்க வேண்டும்.

சிறுநீரில் புரதம் வெளியேறுகிறதா, சிறுநீரகம் எப்படி இயங்குகிறது, இதயத் தசை தடித்துள்ளதா, விழித்திரையில் பாதிப்பு உண்டா என அடுத்து பரிசோதனைகள் நடக்கும். கவனிக்காமல் விட்ட ஆண்டுகளின் கணக்கு இவற்றில்தான் தெரியும்.

உப்பைக் குறைக்கச் சொன்னால் ஊறுகாய், கருவாடு, அப்பளம் மட்டும் பலர் நினைவுக்கு வரும். கடையில் வாங்கும் குழம்பும் நூடல்ஸ் சூப்பும் அதே கணக்கில்தான் சேரும்.

பலர் சறுக்குவது சில மாதங்களுக்குப் பிறகு. கருவி 130/80 காட்டியதும் ‘குணமாகிவிட்டது’ என்று மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். எண் இறங்கியதே அந்த மாத்திரையால்தான். நிறுத்தினால் அழுத்தம் மீண்டும் ஏறும். சில மருந்துகளைச் சட்டென்று விட்டால் வேகமாகவே ஏறும். கணுக்கால் வீக்கம், வறட்டு இருமல் போன்ற பக்கவிளைவு இருந்தால் மருத்துவரிடம் சொல்லலாம், வேறு மாத்திரைக்கு மாற்றுவார். மூட்டுவலிக்குச் சொந்தமாக வாங்கி உண்ணும் ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகளையும் அவரிடம் மறைக்க வேண்டாம். அவையும் அழுத்தத்தை ஏற்றக்கூடியவை.

வீட்டில் அளப்பவர்கள் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, காலையில் மாத்திரைக்கு முன்பும் இரவிலும் அளந்து குறித்துக்கொள்ளலாம். அடுத்த சந்திப்புக்குப் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.