பாதி மெய்

கொள்ளைநோய் பரவுங்காலத்தில் வதந்தியும் உடன் பரவும். 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் உலகெங்கும் பரவியபொழுது, சாராயம் அருந்தினால் அந்நோய் அணுகாது என்றொரு செய்தி ஈரான் நாட்டில் கைப்பேசி வழியே உலவிற்று. மது விலக்கப்பட்ட நாடு அது. ஆதலின் மக்கள் கள்ளத்தனமாய்க் கிடைத்த சாராயத்தை வாங்கிப் பருகினர். அதிற் கலந்திருந்த மெத்தனால் உடலினுள் பார்மிக் அமிலமாக மாறிக் கண்ணின் நரம்பைக் கெடுக்கும், உயிரையும் மாய்க்கும். நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், பார்வை இழந்தோரும் பலர்.

அவ்வதந்தி முழுப்பொய் அன்று, அதனாலேயே கொடியதாயிற்று. நூற்றுக்கு 60 பங்கிற்கு மேல் எத்தனால் கலந்த நீர்மத்தைக் கையிற் பூசித் தேய்த்தால் நோய்க்கிருமி மடியும். தோலுக்குப் பொருந்திய உண்மையை எவரோ குடலுக்கும் ஏற்றிக் கூறிவிட்டனர்.

இதனை இளம்பருவ மாணாக்கர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர், “வதந்தியை நம்பாதே” என்று கூறி அமைதல் போதாது. அச்செய்தியைக் கரும்பலகையில் எழுதி, மெய் எதுவரை, பொய் எவ்விடத்தில் ஒட்டிக்கொண்டது என்று அவர்களையே பிரித்துக்காட்டச் செய்தல் வேண்டும். முதலிற் கூறியவர் யார், அவர் மருத்துவம் அறிந்தவரா, உலகச் சுகாதார நிறுவனம் யாது கூறுகின்றது என்றும் அவர்கள் தேடுதல் நன்று. மது அருந்துதல் கொரோனாவைத் தடுக்காது என்று அந்நிறுவனம் அவ்வாண்டிலேயே அறிவித்திருந்தது. இவ்வாறு பழகிய மாணவன், வீட்டில் முதியோர் அத்தகைய செய்தியை நம்பக் கண்டால் எள்ளி நகையாடான். “தாத்தா, இது கைக்கு உரியது, வாய்க்கு உரியதன்று” என்று அருகில் அமர்ந்து விளக்குவான்.