சிறு விமானங்களின் இரைச்சல்

சிறு விமானமொன்று தலைக்கு மேலாகச் செல்லும்போது அண்ணாந்து பார்த்து, "இஞ்சின் என்னமாய் இரைகிறது!" என்கிறோம். அக்கூற்றிற் பாதியே உண்மை. மறுபாதிக்குப் பொறுப்பு விமானத்தின் மூக்கிற் சுழலும் விசிறியாகும். 2020ஆம் ஆண்டில் ஐரோப்பாவிற் சான்றிதழ் பெற்ற பிப்பிஸ்ட்ரெல் நிறுவனத்தின் மின்விமானத்தில் எரிபொருள் வெடிப்பதேயில்லை. எனினும் அது பறக்கும்போது ஒலி கேட்கத்தான் செய்கிறது. அது விசிறி காற்றை வெட்டும் ஒலி.

உலகெங்கும் பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172 விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதன் இஞ்சினுக்கு நான்கு உருளைகள். ஒவ்வோர் உருளையிலும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிப்பு நிகழும். நிமிடத்துக்கு 2700 சுற்று எனும் உச்ச நிலையில், செக்கனுக்கு 90 வெடிப்புக்கள். விசிறிக்கு இரண்டு அலகுகள். அவையும் செக்கனுக்கு 90 முறை காற்றை வெட்டுகின்றன. ஈரொலிகளுக்கும் மீடிறன் ஒன்றேயாதலின், நம் காது அவற்றை எளிதிற் பிரித்தறிவதில்லை.

இனி, விசிறியின் விட்டம் ஏறத்தாழ 190 சதமமீற்றர். கணக்கிட்டுப் பார்க்கும் மாணவன் அலகின் நுனி செக்கனுக்கு 270 மீற்றர் அளவில் விரைவதைக் காண்பான். ஒலியின் கதியோ 340 மீற்றர். நுனி அக்கதியை நெருங்க நெருங்க இரைச்சல் மிகக் கடுமையாக ஏறும். ஆகவே, சுழற்சியைச் சற்றுத் தணித்தாலே பெரும்பயன் உண்டு. சைலன்சரை மாத்திரம் பெரிதாக்குவது பாதிவேலையே.

இவ்வுண்மை புதிதன்று. 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் லாங்லி ஆய்வுகூடத்தார், ஸ்ரின்சன் எல்-5 என்னும் சிறு விமானத்திற் பற்சில்லுகளால் வேகங்குறைத்த ஐந்தலகு விசிறியையும் பெரியதொரு சைலன்சரையும் பொருத்தி, நிலத்தில் நிற்போர்க்குக் கேட்கும் ஒலியைப் பெரிதும் குறைத்துக் காட்டினர். ஆயின் பாரம் கூடியது. வியட்நாம் போரில் 1970, 1971ஆம் ஆண்டுகளில் இரவு வேவுக்குச் சென்ற லொக்ஹீட் வைஓ-3ஏ விமானமோ மிதவை விமானமொன்றின் உடலைத் தழுவியது. பட்டிகளின் உதவியால் மெல்லச் சுழலும் விசிறியுடையது. அவற்றுள் ஒன்று பின்னர் நாசாவிடம் சேர்ந்து, ஹெலிகொப்ரர்களின் இரைச்சலை அளக்கும் ஒலிவாங்கிகளைச் சுமந்து பறந்தது. தான் இரையாதவனே பிறர் இரைச்சலை அளக்கத் தக்கவன் போலும்! இக்காலத்து ரொட்டாக்ஸ் 912 இஞ்சின்களும் 5800 சுற்று வரை சுழன்று, பற்சில்லு மூலம் விசிறியை அதனிற் பாதிக்கும் குறைவாகவே சுழற்றுகின்றன.

சைலன்சர் பற்றி ஓர் எச்சரிக்கை. புகை வெளியேறுவதை அது தடுக்குமளவுக்கு வலு குன்றும். அன்றியும், பல விமானங்களில் அதன் வெப்பத்தைக் கொண்டே விமானியறையைச் சூடாக்குகின்றனர். அக்கலத்தில் வெடிப்பு விழுந்தால் காபனோரொட்சைட்டு உள்ளே புகும். அவ்வாயுவுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. எனவே அதனைக் காலந்தோறும் சோதித்தல் இன்றியமையாதது.

விமானியறையினுள் இரைச்சல் 90 டெசிபெல்லைத் தாண்டுவது வழக்கம். 85 டெசிபெல்லை எட்டு மணி நேரம் கேட்பதே எல்லை என்பர். மும்மூன்று டெசிபெல் ஏற ஏற அந்நேரம் பாதி பாதியாகக் குறையும். 94இல் ஒரு மணி நேரமே. செவியின் நுண்மயிர்க் கலங்கள் அழிந்தால் மீளத் தோன்றா.

இங்கேதான் அலைகளின் தலையீடு கைகொடுக்கிறது. ஓரலையின் முடியும் மற்றதன் தாழியும் சேருமிடத்தில் ஒலி மடியும். இத்தத்துவத்துக்கு ஜேர்மனியரான போல் லூக் 1936இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். வங்காளத்துத் தந்தைக்கு அமெரிக்காவிற் பிறந்த அமர் போஸ், 1978இல் விமானப் பயணமொன்றின்போது இதனைச் செவிமூடியில் அமைக்க எண்ணினார். 1986 டிசம்பரில் இடைநில்லாது உலகைச் சுற்றிய வொயேஜர் விமானிகள் இருவரும் அதன் மாதிரிகளை அணிந்திருந்தனர். 1989இல் அது விற்பனைக்கு வந்தது. 90 மீடிறனுள்ள ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 4 மீற்றராதலால், சிறிய செவிமூடிக்குள் எதிரலையைச் சரியாகப் பொருத்துதல் எளிது. கூரிய ஒலிகளை அதன் பஞ்சுறையே தடுத்துவிடும்.

ஆனால், இஞ்சின் தளர்வதைக் காதால் அறிந்து பழகிய விமானி இதனை அணிந்தபின், சுழற்சிமானியை முன்னிலும் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.