குவளை பேச வேண்டிய தமிழ்

பாலாடையும் சங்கும் கொண்டு மழலைக்குப் பால் புகட்டியது நம் மரபு. அவை வெள்ளியாலானவையா, வெண்கலத்தாலானவையா என்பதைத் தாய் பார்த்த அளவில் அறிவாள். இன்று வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கடைவீதிகளில் விற்கும் பிளாஸ்டிக் குவளைகளைக் கண்ணால் மட்டும் மதிப்பிட இயலாது. எதனால் ஆனது, எவ்வளவு சூடு தாங்கும் என்பதை எழுத்தே சொல்ல வேண்டும்.

யாருக்கு மிகத் தேவை?

சிறப்புத் தேவையுடைய குழந்தைகளுக்கு இவ்வெழுத்து இன்னும் இன்றியமையாதது. மூளை முடக்குவாதமுற்ற குழந்தைகளுள் சிலர், விளிம்பு பல்லில் பட்டவுடன் தம்மையறியாமல் இறுகக் கடித்துவிடுவர். பாலிஸ்டிரீன் போன்று நொறுங்கும் பொருளாயின் சில்லுகள் வாயைக் கிழிக்கும். பாலிபுரோப்பிலீன் எளிதில் நொறுங்காது. விழுங்குவதில் இடர்ப்படும் குழந்தை தலையை அண்ணாந்து பருகினால், நீர் மூச்சுக்குழலுக்குள் புகக்கூடும். ஆகவேதான் மூக்கு இடிபடாதவாறு ஒருபுறம் விளிம்பு வெட்டப்பட்ட குவளைகள் செய்யப்படுகின்றன. சுடுகிறது என்று சொல்லவியலாத குழந்தைக்குக் கஞ்சியின் சூட்டைப் பிறரே சோதித்தாக வேண்டும்.

முக்கோணம் சொல்வது என்ன?

குவளையின் அடியில் முக்கோணத்துள் காணும் எண்ணைப் பலர் பாதுகாப்பு முத்திரையெனக் கருதுகின்றனர். அது 1988இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழிலமைப்பு மறுசுழற்சிக்காக வகுத்த குறியீடு. 5 பாலிபுரோப்பிலீனையும், 6 பாலிஸ்டிரீனையும், 7 பிறவற்றையும் குறிக்கும். பொருளின் இனத்தை உணர்த்தும் இவ்வெண், குவளை குழந்தைக்கு ஏற்றதா என்பதை உணர்த்தாது.

சட்டம் நிற்கும் இடம்

பால்புட்டிகளை 1992ஆம் ஆண்டுச் சட்டம் நெறிப்படுத்துகிறது. அவற்றுக்கு இந்தியத் தர முத்திரை வேண்டும். 2015இல் வந்த இந்தியத் தரநிலை, பிஸ்பீனால்-ஏ என்னும் வேதிப்பொருளை அவற்றிலிருந்து விலக்கியது. ஆயின், 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அச்சட்டம் கூறும் சிசு என்பது இரண்டு வயது வரையிலான குழந்தையே. எட்டு வயதிலும் மூக்குவைத்த மூடிக் குவளையில் பருகும் குழந்தை அவ்வரையறைக்கு வெளியே நிற்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கேற்ற நுகர்பொருள்களை அரசு ஊக்குவிக்க வேண்டுமென 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறுவது நமக்கு ஓர் ஊன்றுகோல்.

மொழியிலும் ஓர் இடைவெளி உண்டு. 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும். பிற மொழியைச் சேர்த்துக்கொள்ளலாம், கட்டாயமில்லை. சேர்க்கத் தடையில்லை என்பதே நாம் பற்றிக்கொள்ள வேண்டிய வாய்ப்பு.

எழுத வேண்டிய ஐந்து வரிகள்

1. இக்குவளை இன்ன பிளாஸ்டிக்கால் ஆனது. இவ்வளவு சூடு தாங்கும்.
2. கடித்தால் நொறுங்கும் அல்லது நொறுங்காது.
3. புகட்டுமுன் சூட்டைச் சோதிக்கவும்.
4. குழந்தையை நிமிர்த்தி அமர்த்தி, அருகிலிருந்து புகட்டவும்.
5. கீறலோ வெடிப்போ கண்டால் உடனே விலக்கவும்.

குழந்தைகள் பருகும் கலங்களுக்கான ஐரோப்பியத் தரநிலையும் பெரியவர் மேற்பார்வை, சூடு, சேதம் ஆகியன பற்றிய எச்சரிக்கைகளை விதிக்கிறது. நம் வரிகள் படிக்கத் தெரியாதோரையும் எட்ட, அருகே படமும் வேண்டும்.

கலைச்சொல் ஆக்கமும் மொழிபெயர்ப்பும் பயிலும் தமிழ் மாணவர்க்கு இதனினும் பயனுள்ள பயிற்சி எது? பிள்ளைக்குப் புகட்டும் தாய் ஒருமுறை படித்தவுடன் விளங்கும் தமிழை ஆக்கித் தருவது, இலக்கியம் கற்போர் சமுதாயத்திற்குச் செலுத்த வேண்டிய கடனாகும்.