மறதிப் பரிசோதனை: மார்க்கு மட்டும் போதாது



பாட்டிக்கு ஞாபகம் தப்புகிறதா? ‘வயசாயிட்டா அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

டாக்டர்கள் கேட்கும் 30 மார்க்குப் பரிசோதனை ஒன்று 1975-இல் அமெரிக்காவில் வந்தது. 24-க்குக் கீழே என்றால் சந்தேகப்படுவார்கள். ஆனால் அதில் வாசி, எழுது, நூறிலிருந்து ஏழேழாகக் கழி என்றெல்லாம் உண்டு. சின்ன வயசிலேயே கொழுந்து பறிக்கப் போன பாட்டிக்கு மார்க்கு குறையத்தானே செய்யும்? எத்தனை வகுப்புப் படித்தார், என்ன பாஷை பேசுவார் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரத்தம் எடுத்தால் பயப்படாதீர்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், பி12 சத்து குறைந்தாலும் மறதி வரும். அவற்றுக்கு மருந்து உண்டு. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோயே இல்லை என்றும் ஆகாது.

அடுப்பை அணைக்க மறந்தது, லயத்துக்கு வழி தவறியது, இவை எப்போது தொடங்கின? எழுதிக்கொண்டு போங்கள். வீட்டார் சொல்வதும் ஒரு பரிசோதனைதான்.