கடலுக்குள் இறங்குமுன்...

ஹைதராபாத்துக்குக் கடல் இல்லை. ஆயினும், விடுமுறை வந்தால் ஷம்ஷாபாத்தில் விமானம் ஏறி அந்தமானுக்குச் செல்லும் குடும்பங்கள் நம் நடுவிலும் உண்டு. ஹேவ்லாக் என்று வழங்கப்பட்டு, 2018 முதல் சுவராஜ் தீவு எனப்படும் தீவில், ஸ்கூபா டைவிங் செய்யப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். அன்பான வாசகர்களே, இதைக் குறித்து அநேகர் அஞ்ச வேண்டாதவற்றுக்கு அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டியவற்றையோ அறியாதிருக்கிறார்கள்.

"சுறா கடித்துவிடும்."
அது மிக அரிது. இருதயக் கோளாறு, காற்றுத் தீர்ந்துபோதல், பதற்றம் ஆகியவையே பல மரணங்களுக்குக் காரணமாகின்றன.

"முதுகில் சுமப்பது பிராணவாயு."
அல்ல. சாதாரணக் காற்றையே அழுத்தி அடைத்திருக்கிறார்கள். அதில் பிராணவாயு ஏறத்தாழ 21 சதவீதமே. மீதி பெரும்பாலும் நைட்ரஜன். சுத்தமான பிராணவாயுவை ஆழத்தில் சுவாசித்தால் அதுவே நஞ்சாகும்.

"ஆழம் குறைவென்றால் ஆபத்தில்லை."
இது பெருந்தவறு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்கு. அங்கே இழுத்த மூச்சை அடக்கியபடி மேலே வந்தால், நுரையீரலிலுள்ள காற்று இருமடங்காக விரிய முயலும், நுரையீரல் கிழியக்கூடும். நீச்சல் குளத்தின் ஆழத்திலும் இது நேரிடலாம். ஆகவே, நீருக்குள் ஒருபோதும் மூச்சை அடக்காதீர்கள்.

"ஆஸ்துமாவைச் சொன்னால் அனுமதிக்க மாட்டார்கள், மறைத்துவிடுவோம்."
பணம் கட்டியாயிற்றே என்று மருத்துவப் படிவத்தில் பொய் எழுதாதீர்கள். ஆஸ்துமா, இருதய நோய், வலிப்பு, காது அறுவை சிகிச்சை ஆகியவை இருந்தால், புறப்படுமுன்பே மருத்துவரைக் கேளுங்கள். கர்ப்பிணிகள் இறங்கவே கூடாது. சளி பிடித்திருந்தாலும் தவிர்த்துவிடுங்கள்.

"காலையில் டைவிங், மாலையில் விமானம்."
ஊர் திரும்பும் அவசரத்தில் நாம் செய்யக்கூடிய தவறு இதுவே. ஆழத்தில் நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. அது வெளியேற நேரமாகும். விமானத்திற்குள் காற்றழுத்தம் குறைவு. மூடி திறந்த சோடா பாட்டிலைப்போல, கரைந்த வாயு உடலுக்குள் குமிழிகளாகும். மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை விளையலாம். ஒருமுறை மட்டும் மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியிருந்தால் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும். ஒரு முழுநாள் காத்திருப்பது இன்னும் நல்லது.

ஆகையால், பயணத்தின் முதல் நாட்களிலேயே டைவிங்கை வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளைக் கரையிலே செலவிடுங்கள். பயிற்சியாளர் சொல்வதை முழுவதும் கேட்டு, சந்தேகமிருந்தால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். கட்டிய பணம் போனாலும் போகட்டும். பிள்ளைகளோடு சுகமாய் வீடு திரும்புவதே முக்கியம்.