ஹுன்னஸ்கிரியச் சந்தியில் ஒரு குழி

ஹுன்னஸ்கிரியச் சந்தியில் ஒரு குழி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க யாரும் கண்டியில் பஸ் ஏற வேண்டாம். விளக்கத்துக்காக நானே வெட்டிய குழி இது. அகலம் ஒரு தாச்சியளவு, ஆழம் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. மழை பெய்தால் நிரம்பி, குழியா குளமா என்று தெரியாமல் கிடக்கும். நக்கிள்ஸ் மலையடிவாரம் என்பதால் மழைக்கும் பஞ்சமில்லை.

இதை மூட வேண்டியவர் யார்?

கடைத்தெருவில் கேட்டால் "மெம்பர்கிட்ட சொல்லுங்க" என்பார்கள். மெம்பர் என்றால் பிரதேச சபை உறுப்பினர். அவரிடம் போனால் தேநீர் வரும், அக்கறையான முகம் வரும், பிறகு ஒரு கேள்வியும் வரும்: "குழி சரியா எந்த இடத்துல இருக்கு?" தட்டிக்கழிக்கிறார் என்று கோபப்படத் தோன்றும். ஆனால் பாவம், அவர் கேட்டது சட்டப்படி மிகச் சரியான கேள்வி.

குழி பெரிய வீதியில் இருந்தால் அது சபையுடையதே அல்ல. கண்டியிலிருந்து திகன, தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய, உடுதும்பர என்று ஏறி, பதினெட்டு வளைவில் இறங்கி, மஹியங்கனைக்குப் போகும் பாதை ஏ-26. ஏ, பி வகுப்பு வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தம். சந்தியிலிருந்து கிளைப் பாதையில் இறங்கினால், அது சி அல்லது டி வகுப்பா என்று பார்க்க வேண்டும். அப்படியானால் மாகாணத்தின் பொறுப்பு. இரண்டுமில்லாத ஒழுங்கைகளும் கிறவல் பாதைகளுமே பிரதேச சபையின் பங்கு. இன்னும் மேலே ஏறினால் வனத் திணைக்களத்தின் காடு. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி இந்த நக்கிள்ஸ். அங்கே குழி விழுந்தால் அதற்கு உலகமே உரித்தாளி. நடுவில் தேயிலைத் தோட்டத்துப் பாதை குறுக்கிட்டால் அது தனிக் கதை. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

அதே குழி இரண்டடி தள்ளி, கடை வாசல் ஓரத்துக் கானில் விழுந்திருந்தால்? கான் வீதியோடு சேர்ந்தது. கானுக்குள் கிடக்கும் சொப்பிங் பையும் தேங்காய் மட்டையும் பிரதேச சபையைச் சேர்ந்தவை. கானுக்குக் கீழே போகும் குழாய் நீர் வழங்கல் சபையுடையது. பக்கத்து மின்கம்பம் மின்சாரம் தருபவர்களின் சொத்து, அதில் தொங்கும் தெருவிளக்கைப் பார்த்துக்கொள்வது பிரதேச சபை. மேட்டிலிருந்து மண் சரியும் அபாயமுண்டா என்று சொல்லத் தகுதியுள்ளது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். குழியில் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகினால் சுகாதாரப் பரிசோதகர் வருவார். மாடு ஒன்று குழிக்குள் விழுந்தால்தான் சபைக்கு முழு அதிகாரம் பிறக்கும். கட்டாக்காலி மாடு பிடிக்கும் உரிமை சபைக்கு ஐயமின்றி உண்டு.

கிராமசேவகரிடம் ஒரு கடிதம் வாங்கிப் போகலாமே என்று சிலர் நினைப்பார்கள். அவர் உள்நாட்டு நிர்வாகத்தின் ஆள், பிரதேச செயலாளரின் கீழ் வேலை செய்பவர். பிரதேச செயலகம் வேறு, பிரதேச சபை வேறு. முன்னது கொழும்பின் கை, பின்னது ஊரின் வாக்கு. முதல் சொல் ஒன்றாக இருப்பதால், வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று, யன்னலருகே போய்ச் சேர்ந்த பிறகு, "இது இங்க இல்ல" என்று கேட்டுத் திரும்பியவர்கள் எத்தனை பேர்! அந்த வரிசையில் நானும் ஒரு நாள் நின்றிருக்கிறேன். எந்த ஊர் என்பது வேண்டாம்.

சரி, சபைக்கு மிஞ்சுவது என்ன? குப்பை அள்ளுவது, தெருவிளக்கு, வாராந்தச் சந்தை, நூலகம், மயானம், சிறு மதகு, கட்டட வரைபட அனுமதி, கடைக்கு உரிமப்பத்திரம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் கொடுத்த வேலை ஏறத்தாழ இவ்வளவுதான். பழைய கிராம சபைகளையும் பட்டின சபைகளையும் 1980களின் தொடக்கத்தில் ஒழித்து, மாவட்ட அபிவிருத்தி சபை என்று ஒன்றைக் கொண்டுவந்து, அதுவும் சரிவராமல், 1988இல் பிறந்த பிள்ளை இது. பிள்ளை பிறந்த கையோடு தேர்தலும் நடந்துவிடவில்லை. அதற்கு 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வேலை சிறிது. பட்டம் சிறிதல்ல. சிங்களத்தில் பாராளுமன்ற உறுப்பினரும் 'மந்த்ரீதுமா', பிரதேச சபை உறுப்பினரும் 'மந்த்ரீதுமா'. ஒருவர் நாட்டின் வரவு செலவுத் திட்டத்துக்குக் கையுயர்த்துகிறார், மற்றவர் மின்குமிழ் வாங்குவதற்கு. விளி ஒன்றே. கலியாண வீட்டு முன்வரிசைக் கதிரையும் ஒன்றே.

இனி அந்தத் தோட்டத்துப் பாதை.

ரங்கலப் பக்கமோ லூல்வத்தைப் பக்கமோ ஒரு லயத்துக்குப் போகும் பாதையில் நம் குழி இருந்தது என்று வையுங்கள். லயத்தில் இருப்பவர்களுக்கு வாக்குண்டு. உள்ளூராட்சித் தேர்தலில் வரிசையில் நின்று, விரலில் மை பூசி, உறுப்பினரைத் தெரிவு செய்தார்கள். சிலர் தாங்களே நின்று வென்றும் இருக்கிறார்கள். ஆனால் தெரிவான சபை தன் பணத்தில் அந்த லயத்துப் பாதைக்கு ஒரு கூடைக் கல் கொட்டவும் முடியாமல் முப்பது வருடம் இருந்தது. சட்டத்தின் 33ஆம் பிரிவு குறுக்கே நின்றது. தோட்டம் தனியார் நிர்வாகத்திலுள்ள நிலம், அதற்குள் சபை நிதி போகக் கூடாது என்பது அதன் விளைவு. ஏக்கர் வரி என்ற பெயரில் காணியிலிருந்து சபைக்குப் பணம் வரலாம். சபையிலிருந்து காணிக்குள் பணம் போகக் கூடாது. அரசியல் மேடைகளில் கேட்ட எத்தனையோ பகிடிகளை விட இந்தப் பிரிவு எனக்குப் பெரிய பகிடியாகத் தெரிகிறது. எழுதியவர் சிரிக்காமல் எழுதியிருக்கிறார், அதுதான் அதன் சிறப்பு.

இந்தப் பகிடிக்கு ஒரு பரம்பரையும் உண்டு. 1937இல் கிராமச் சபைகளுக்கான வாக்குரிமையை விரித்தபோது தோட்ட லயங்களில் குடியிருந்த தொழிலாளரை விலக்கியே விரித்தார்கள். 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்து, நாட்டையே அவர்களிடமிருந்து பறித்தது. கடைசி நாடற்றவர்களுக்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல். அதாவது முதலில் வாக்கு இல்லை; பிறகு நாடே இல்லை; பிறகு நாடும் வாக்கும் கிடைத்தன, பாதைக்குக் கல் கிடைக்கவில்லை. 33ஆம் பிரிவைத் திருத்தியது 2018இல். நுவரெலியா மாவட்டத்தில் இலட்சக்கணக்கான மக்களுக்கு ஒன்றாக இருந்த அம்பகமுவ, நுவரெலியா பிரதேச சபைகளை ஆறாகப் பிரித்ததும் அந்தக் காலத்தில்தான். நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதுப் பெயர்ப்பலகைகள் ஏறின.

இப்போது சபை தோட்டத்துக்குள் செலவழிக்கலாம். 'லாம்' என்ற ஈற்றைக் கவனியுங்கள். நிலம் அரசுடையது, நிர்வாகம் கம்பனியுடையது. கண்டிப் பக்கத்தில் பல தோட்டங்கள் ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் போன்ற அரச நிறுவனங்களிடமே இருக்கின்றன. அரசின் ஒரு கை, அரசின் இன்னொரு கையிடம், அரசின் நிலத்திலுள்ள குழியை மூட இணக்கம் கேட்க வேண்டும். துரை பங்களாவுக்குக் கடிதம் போகும். பதில் வரும்வரை குழியும் சும்மா இருக்காது, வளரும்.

வேலை குறைவென்றால் ஆட்களும் குறைவாகத்தானே இருக்க வேண்டும்? நாட்டின் உள்ளூராட்சி சபைகளில் முன்பு ஏறத்தாழ 4,500 பேர் இருந்தார்கள். புதிய கலப்புத் தேர்தல் முறையில் 2018இல் அது 8,300ஐத் தாண்டியது. அறுபது வீதம் வட்டாரத்தில் வென்றவர்கள், நாற்பது வீதம் கட்சிப் பட்டியலில் இருந்து வருபவர்கள். வட்டாரத்தில் தோற்றவரையும் கட்சிச் செயலாளர் பட்டியல் வழியே சபைக்குள் அனுப்பலாம். வாக்காளர் கதவைச் சாத்தினால் யன்னல் திறந்திருக்கும். இதே சீர்திருத்தத்தோடு பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு வந்ததை மட்டும் நான் கேலி செய்ய மாட்டேன். அதற்கு முன்பு சபைகளில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

இவ்வளவு பேரும் இல்லாமலே நாடு இரண்டு வருடம் ஓடியது. 2018 பெப்ரவரி 10இல் தெரிவான சபைகளின் காலம், ஒரு வருட நீடிப்புக்குப் பிறகு, 2023 மார்ச் 19இல் முடிந்தது. தேர்தல் மார்ச் 9 என்று குறித்தார்கள். வேட்புமனுவும் வாங்கினார்கள். திறைசேரியில் காசில்லை என்றார்கள். ஒத்திவைக்கத் தேர்தல் என்று ஒன்று இருந்தால்தானே என்ற பொருள்பட ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க பாராளுமன்றத்திலேயே பேசினார். போட்டியிடச் சம்பளமில்லா விடுமுறை எடுத்த அரச ஊழியர்கள்தான் நடுத்தெருவில் நின்றார்கள்: தேர்தலும் இல்லை, வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. வாக்காளரின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. கடைசியில் 2025 மே 6இல், 339 சபைகளுக்கு வாக்களிப்பு நடந்தது.

இடைப்பட்ட காலத்தில் சபைகளை அதிகாரிகள் நடத்தினார்கள். குப்பை லொறி வந்த நாளில் வந்தது, வராத நாளில் வரவில்லை, முன்பு போலவே. இதைப் பார்த்து "மெம்பர் எதுக்கு?" என்று கேட்பது சுலபம். நான் அப்படிக் கேட்க மாட்டேன். அதிகாரியிடம் போய் "என் வாசல்ல விளக்கு எரியல" என்று அதட்டிக் கேட்க முடியாது, மெம்பரிடம் முடியும். அவர் மூடாத குழிக்கும் அவரைத் திட்டலாம். அந்த வசதியும் அந்த இரண்டு வருடம் இல்லாமல் போனது. சபைகளுக்கு மேலே இருந்து மேற்பார்க்க வேண்டிய மத்திய மாகாண சபைக்கோ கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013இல். 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தபின் ஆளுநர் ஆட்சிதான். அந்த வெற்றிடத்தைப் பற்றிக் கடைத்தெருவில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

தேர்தல் முடிந்தால் அடுத்தது தவிசாளர் யார் என்ற கூத்து. ஒரு கட்சிக்கு அறுதிப் பெரும்பான்மை கிடைத்தால் பிரச்சினையில்லை. கிடைக்காவிட்டால் உள்ளூராட்சி ஆணையாளர் முதல் கூட்டத்தைக் கூட்டுவார். முதலில் ஒரு வாக்கெடுப்பு: வாக்கெடுப்பை இரகசியமாக நடத்துவதா, பகிரங்கமாகவா? அதில்தான் பாதிச் சண்டை. பகிரங்கம் என்றால் கட்சி பார்த்துக்கொண்டிருக்கும், இரகசியம் என்றால் கடவுள் மட்டும். கொழும்பு மாநகர சபையில் 48 ஆசனம் பெற்ற தேசிய மக்கள் சக்தியின் வேட்பாளர், 2025 ஜூனில் நடந்த இரகசிய வாக்கெடுப்பில் 61 வாக்குகளோடு மேயரானார். எதிரணிக்கு 54. இரு பக்கமும் சமமானால் திருவுளச்சீட்டு. மக்கள் தீர்ப்பு, கட்சித் தீர்ப்பு எல்லாம் தாண்டி, மடித்த ஒரு துண்டுக் கடதாசியின் தீர்ப்பு.

கதிரையில் அமர்ந்தால் போதாது, பாதீட்டைத் தாண்ட வேண்டும். பாதீடு இரண்டு முறை தோற்றால் தலைவருக்குப் பதவி போகும். இதற்கு யாழ்ப்பாண மாநகர சபையை மிஞ்ச ஆளில்லை. அங்கே 2020 டிசம்பரில் பாதீடு இரண்டு முறை தோற்று இமானுவேல் ஆனல்ட் மேயர் பதவி இழந்தார். 21க்கு 20 என்று ஒரே வாக்கில் மணிவண்ணன் மேயரானார். 2022 டிசம்பரில் அவருடைய பாதீடும் தோற்க, அவர் விலக, 2023 ஜனவரியில் ஆனல்ட் திரும்பி வந்தார். சபையின் காலம் முடிய அப்போது இரண்டு மாதம் இருந்தது.

நம் சந்திக்கு வருவோம். இலங்கைக் கிராமங்களில் குழி மூடப்படாவிட்டால் ஊரார் செய்யும் ஒரு வேலை உண்டு. நடுக்குழியில் வாழைக்கன்று நடுவார்கள். பத்திரிகைக்காரர் படம் எடுப்பார், மெம்பர் வந்து பார்ப்பார், அதிகாரி வந்து அளப்பார். ஹுன்னஸ்கிரியவின் மழைக்கு வாழை நன்றாக வரும். குழி யாருடையது என்று கடிதங்கள் தெல்தெனியவுக்கும் கண்டிக்கும் போய்வருவதற்குள் குலையும் தள்ளிவிடும். அதை வெட்டிச் சந்தைக்குக் கொண்டுபோகலாம். சந்தை யாருடையது என்பதில் மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை. அது பிரதேச சபையுடையது. குலையை இறக்கி வைத்ததும் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு ஆள் வருவார்.